டீச்சர் கேட்ட கரண்டி

சத்துணவுக் கூடத்துச் சுவரில் தொங்கும் கரண்டிகளில் ஒன்றுக்குக் காம்பு வளைந்திருக்கும். அதில் நான் சாம்பார் ஊற்றுவதில்லை. அறிவியல் டீச்சர் கையில் இருந்தபோது வளைந்தது அது.

எங்கள் பள்ளிக்கூடம் மாமல்லபுரம் போகும் சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே சமையல். டீச்சர் கேளம்பாக்கத்தில் இருந்து பஸ்ஸில் வருவார். தொண்டையில் ஆபரேஷன் செய்த பிறகு அவருக்குக் குரல் போய்விட்டது. திரும்பி வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. தலைமையாசிரியர், எங்களுக்குப் பெரிய சார், அவரைச் சமையல்கட்டுப் பக்கம் நிறுத்தி வைத்துத்தான் பேசினார். "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்குறேம்மா. பசங்க தேறலன்னா கிளாஸை வேற ஆளுக்குக் குடுத்துட்டு உங்கள ஆபீஸ்ல உக்கார வெச்சிடுவேன்." டீச்சர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்.

ஆசிரியர்களுக்கென்று நெட்டில் பாட வீடியோக்கள் கிடைக்கும் போலிருக்கிறது. எங்கள் பக்கம் டவர் சரியாக எடுக்காது. அதனால் டீச்சர் வீட்டிலேயே போனில் இறக்கிக் கொண்டு வந்து வகுப்பு டிவியில் போட்டார். முதல் நாள் பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். எனக்கே ஆச்சரியம். முடிந்ததும் டீச்சர் போர்டில் ஒரு கேள்வி எழுதினார். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. சோறு வாங்க வந்தபோது ஒருத்தி இன்னொருத்தியிடம், "அந்த வீடியோ டீச்சரு இன்னாமா நெயில் பாலிஷ் போட்டுக்கீதுடி" என்றாள். பார்த்தது அதைத்தான்.

மறுநாள் டீச்சர் என்னிடம் வந்து கரண்டியைக் கையால் காட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். அதன் பிறகு வீடியோ கொஞ்சம் ஓடும். போனில் நிறுத்திவிட்டுக் கரண்டியால் மேசையில் டங்கென்று ஒரு தட்டு தட்டுவார். கரண்டி யார் பக்கம் நீள்கிறதோ, அவர்கள் எழுந்து அதுவரை கேட்டதைச் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். தப்பென்றால் இன்னொரு பிள்ளை சண்டைக்கு வரும். "டேய், கல்லீரல் அங்க இல்லடா, பேஜாரு பண்ணாத!" எல்லாம் எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்கும். ஒரு நாள் பெரிய சார் ஜன்னல் ஓரம் நின்று, "இன்னாடா படிச்சிக்கினு கீற?" என்று ஒருவனைக் கேட்டார். "ஆயாம்மா போட்ட சோறு வயித்துக்குள்ள இப்ப இன்னா ஆயிக்கினு கீதுன்னு சார்." பெரிய சார் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

காலாண்டில் பிள்ளைகள் தேறினார்கள். வகுப்பு அந்த டீச்சரிடமே இருந்தது. குரல் பாதிதான் திரும்பியது, கரகரவென்று. போன வருஷம் மறைமலைநகருக்கு மாற்றலாகிப் போகும்போது கரண்டியைக் கழுவிக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, "வரேங்க்கா" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் என்னிடம் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

இப்போது வந்திருக்கும் சாருக்குக் கணீரென்ற குரல். வீடியோ போட்டால் முடியும் வரை நிறுத்த மாட்டார். போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஆயாம்மா, அந்த வளைஞ்ச கரண்டிய குடு. சார் வாங்கினு வர சொன்னாரு."

"அவருக்கு இன்னாத்துக்கு? தொண்டை நல்லாத்தானே கீது?"

"அவருக்கு இல்ல. எங்களுக்கு. நாங்கதான் சாராண்ட கேட்டோம்."

துடைத்துக் கொடுத்தேன். பருப்பைக் கடைந்துகொண்டிருந்தபோது டங்கென்று சத்தம் வந்தது. வீடியோ நின்றது. பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள்.