வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்கால் மணி

மருத்துவமனையில் எனக்கு ‘கணக்கு சார்’ என்று பெயர். புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறேன். டாக்டர்கள் கொண்டுவரும் எண்களை வைத்து, அவர்கள் சொல்வது நிஜமா தற்செயலா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் இதைப் புரியவைக்க முயன்று தோற்றிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், அப்படியானால் தன் பையனுக்குப் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா சொல்லித்தர முடியுமா என்று கேட்டார்.

எங்கள் பிரிவின் தலைவர் சர்க்கரை நோய் பார்க்கும் பெரிய டாக்டர். நல்ல மனிதர், நோயாளிகளிடம் குரல் உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. ராகு காலத்தில் மட்டும் எதையும் தொடங்க மாட்டார், கையெழுத்தும் போட மாட்டார். என்னை வேலைக்கு எடுத்த அன்று உத்தரவு அவர் மேஜை மேல் தயாராக இருந்தது. அவர் எதிரே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி வரவழைத்துக் கொடுத்தார். சளிக்கு ஆவி பிடிப்பது எப்படி என்று விளக்கினார். நேரம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் கூட்டங்களை எல்லாம் நாள்காட்டித் தாளைப் பார்த்துத்தான் வைக்கிறோம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் பழகிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் டாக்டர் ஒரு ஆய்வு ஆரம்பித்தார். மணப்பாறை, வையம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஆள் போய், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று விசாரித்தால் சர்க்கரை குறைகிறதா என்பது கேள்வி. அதற்காக மூன்று களப் பணியாளர்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் போய், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் விரலில் குத்தி சர்க்கரை பார்த்து, ரத்த அழுத்தமும் பார்த்து, நேரத்தோடு படிவத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். படிவங்கள் டாக்டரிடம் போகும். அவர் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தானே எக்செல்லில் ஏற்றி எனக்கு அனுப்புவார். டைப்பிங் விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார்.

மூன்றாம் எண் களப் பணியாளர் பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடுள்ளவர், முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ‘பாய்’, எனக்கும்தான். காலையில் பைக்கில் கிளம்பி வையம்பட்டி வரை போய், சாயங்காலம் புழுதியோடு வந்து படிவக் கட்டை வைத்துவிட்டு, “போயிட்டு வரேன் சார்” என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

ஆய்வு முடியும் தறுவாயில்தான் எண்களை முழுதாகப் பார்த்தேன். மற்ற இருவரின் பகுதிகளிலும் ஓட்டை ஓட்டையாகக் காலிக் கட்டங்கள். ஆள் திருப்பூர் போய்விட்டார், மாட்டுச் சந்தைக்குப் போய்விட்டார், கதவு பூட்டியிருந்தது. பாயின் பகுதியில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அதற்கு முந்தைய மாதக் கூட்டத்துக்குப் பாய் வரவில்லை, வையம்பட்டியில் இருந்தார். அங்கே இதை நானே பாராட்டிப் பேசியிருந்தேன், மற்ற இருவரையும் பார்த்து, கற்றுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

பொய் எண்ணுக்கென்று சில குணங்கள் உண்டு. மிஷின் காட்டுகிற சர்க்கரை எந்த எண்ணிலும் முடியும், பூஜ்யத்தில் முடிவதற்கும் ஏழில் முடிவதற்கும் ஒரே வாய்ப்புதான். மனிதன் மனதிலிருந்து எழுதும்போது நூற்று அறுபது என்று எழுதப் பயப்படுவான், முழு எண் பொய் போலத் தெரியுமே என்று. அதனால் நூற்று அறுபத்து மூன்று என்பான், நூற்று ஐம்பத்தேழு என்பான். பாயின் பகுதியில் ஒரு பெரும் பங்குப் பதிவுகள் இப்படி இருந்தன. போதாததற்கு, ஒரு கிராமத்து அம்மாளின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒரு எண் மாறாமல் வேறொரு கிராமத்துத் தாத்தாவுக்கும் வந்திருந்தன. ஏழெட்டு வகையில் சோதித்துப் பார்த்தேன். எல்லாச் சோதனையும் ஒரே பதிலைச் சொன்னது.

இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். “களப் பணியாளர் எண் மூன்றின் பதிவுகளில் ஒரு பகுதி புனையப்பட்டது” என்று முதல் வரியிலேயே போட்டேன். நல்ல வாக்கியம் என்று அன்று ஒரு திருப்திகூட இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

“பாய் இப்படிப் பண்ணிட்டாரா?” என்றார்.

“எண்கள் அப்படித்தான் சொல்லுது டாக்டர்.”

“சரி. அப்ப நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்” என்றார். அவருக்கு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே நாளில் பாயை வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு போனது. காரணம் என்ற இடத்தில் என் வாக்கியமே இருந்தது. ஊரில் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே வட்டாரம். பொய்யாகச் சர்க்கரை எழுதியவர் என்று பெயர் வந்தால், அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்கூட வாசலில் நிற்க விட மாட்டார்கள். பாய் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசக் கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். போன் அடித்து ஓயும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்மையாக நடந்துகொள்வதாகத்தான் அப்போது தோன்றியது.

ஆய்வுகளை மேற்பார்க்கும் நன்னெறிக் குழுவுக்கு விரிவான அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகச் சந்தேகப் பதிவுகளைத் தனியே பிரித்து, கிழமை வாரியாக நேரத்தைப் படம் போட்டேன். ஒவ்வொரு கிழமையிலும் நடுவில் ஒன்றரை மணி நேரம் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. அந்த இடைவெளி கிழமைக்குக் கிழமை இடம் மாறியது. சாப்பாட்டு நேரம் என்றால் தினமும் ஒரே நேரம்தானே வர வேண்டும். பஸ் நேரம் என்று நினைத்தேன், அவர் போவது பைக்கில். ஒன்றும் புரியாமல் வியாழக்கிழமை லீவு போட்டு, வீட்டிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் ரிப்பேர்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஒன்றரையிலேர்ந்து மூணு வரைக்கும் வேண்டாங்க. மூணு மணிக்கு மேல வாங்க, ராகு காலம் போயிடும்.”

திரையில் வியாழக்கிழமைப் படம் திறந்திருந்தது. ஒன்றரையிலிருந்து மூன்று வரை ஒரு புள்ளி கிடையாது. எழுந்துபோய் நாள்காட்டித் தாளைப் பார்த்தேன். புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, காலி. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை, காலி. வெள்ளி பத்தரையிலிருந்து பன்னிரண்டு, காலி. ஆய்வு முழுக்க, சந்தேகப் பதிவுகளில் உள்ள ஒரு ஆளுக்கும் ராகு காலத்தில் சர்க்கரை பார்க்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமைப் படத்தில் இன்னொன்றும் இருந்தது. பன்னிரண்டே முக்கால், ஒன்று பத்து, ஒன்றரை என்று புள்ளிகள் அடர்த்தியாக இருந்தன. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் பாய் போன் எடுக்க மாட்டார் என்பது எங்கள் பிரிவுக்கே தெரியும். மணப்பாறையில் இருந்தாலும் வையம்பட்டியில் இருந்தாலும் ஜும்மா தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் இருப்பார். பாயின் பகுதியிலேயே சந்தேகமில்லாத பதிவுகளை மட்டும் எடுத்துத் திரும்பப் படம் போட்டேன். அதில் ராகு காலத்தில் தாராளமாகப் புள்ளிகள் இருந்தன. வெள்ளி மதியம் சுத்தமாகக் காலி. அதுதான் பாய். மற்றது வேறு யாரோ.

வேறு யாரோ என்று எழுதுகிறேன். யார் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். படிவத்துக்கும் எக்செல்லுக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். ஏன் யோசிக்கவில்லை என்பதற்குப் புள்ளியியலில் விடை கிடையாது.

அன்றைக்கே கிளம்பி ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் புத்தூர் போனேன். டாக்டரின் அறைக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உட்கார்ந்து, ஒரு சின்னச் சந்தேகம் என்று ஆரம்பித்தேன். வேறு ஏதாவது காரணம் இருக்கலாம், எனக்குத்தான் தெரியாமல் இருக்கலாம் என்றேன். இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“காலியா விட்டா ஆய்வே செல்லாதுங்க” என்றார். “மத்த ரெண்டு பேர் பகுதியில தாங்கற அளவுதான் காலி. பாய் பகுதியில பாதி நாள் அந்த ஜனங்க வீட்டுல இல்லை. அவர் ‘வீடு பூட்டி இருந்தது’ன்னு எழுதிட்டு வந்துட்டார். அன்னைக்குப் பார்த்திருந்தா என்ன வந்திருக்குமோ அதைத்தான் நான் போட்டேன். முப்பது வருஷமா சர்க்கரை பாக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“நேரமும் போட்டிருக்கீங்களே டாக்டர்.”

“நேரம் போடாம எப்படி?”

“ராகு காலம் ஒண்ணுகூட இல்லை.”

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். முதன்முறையாக முகம் மாறியது. “ஊசி குத்தறதாச்சே” என்றார் மெதுவாக. “நல்ல நேரமா இருக்கட்டும்னு தோணியிருக்கும்.”

குத்தாத ஊசிக்கு நல்ல நேரம் பார்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டையும் காட்டாமல், நன்னெறிக் குழுவுக்கு உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன் என்றேன். எழுதுங்கள் என்றார். என் அறிக்கையைப் படித்த அன்று வாய் திறந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து படிவக் கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பாயின் கையெழுத்தில் ‘வீடு பூட்டி இருந்தது’, ‘அறுவடைக்குப் போய்விட்டார்’, ‘மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், செவ்வாய் வருவார்’ என்று கட்டம் கட்டமாக இருந்தது.

ஆய்வு ரத்தானது. டாக்டர் பிரிவின் தலைமையிலிருந்து விலகினார், நோயாளிகளை மட்டும் பார்க்கிறார். பாயை நிறுத்திய உத்தரவை ரத்து செய்து ஒரு வரிக் கடிதம் தயாரானது. தபாலில் போக வேண்டாம் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன்.

பாய் என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். டீ வந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“நான் பொய் எழுதலைன்னு இதுல எங்கயும் இல்லையே சார்.”

“நிறுத்துனது ரத்துன்னு இருக்கு பாய்.”

“வேலையைத் திருப்பிக் குடுத்திருக்காங்க. பேரைக் குடுக்கலை.”

அதற்காக நான் தனியே ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். தவறு என்னுடையது, அவருடைய ஒவ்வொரு பதிவும் உண்மை என்று கையெழுத்திட்டிருந்தேன். அதையும் கொடுத்தேன். அதையும் இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது போல இருந்தது. கிளம்பலாம் என்று நினைத்தேன்.

“டாக்டர்தான்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?”

“வியாழக்கிழமை.”

“தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?”

“நேரா அவர்கிட்ட போய்க் கேட்டேன். வேற ஏதாவது காரணம் இருக்குமோன்னு.”

அவர் தலையாட்டினார். கடிதங்களை மடித்து உறைக்குள் போட்டார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார். “அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதியிருக்கீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. விசாரணை, நடைமுறை, தனியாகப் பேசக் கூடாது என்ற விதி என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. வியாழக்கிழமை டாக்டரின் அறைக் கதவைத் தட்டியபோது அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

“ஆமாம் பாய்” என்றேன்.