விமானத்துக்கு வைத்த பொட்டு

வெள்ளை பூசிய மரவிமானம், ஒரு முழ நீளம் இருக்கும். ஊசிபோல் நீண்ட மூக்கு, அதன் நுனியில் சந்தனமும் குங்குமமுமாக ஒரு பொட்டு. பீளமேட்டில் விமானப் பொறியியல் படித்த தொண்ணூறுகளை நினைத்தால் முதலில் அந்த மூக்குதான் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் என் அறைத்தோழியின் முகம்.

அவள் கோபிக்காரி. நேராகப் போகிற விமானத்தில் என்ன அதிசயம், மூக்கைச் செங்குத்தாகத் தூக்கும்போதும் சொன்ன பேச்சைக் கேட்டால்தான் அது விமானம் என்று மெஸ்ஸில் இட்லியை நிமிர்த்திப் பிடித்துக் காட்டுவாள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கும் அதையே எடுத்தாள். சுலபமாக வேறு ஏதாவது பார்க்கலாமடி என்று கெஞ்சிய என்னையும் இழுத்துக்கொண்டாள். விண்ட் டனல் என்ற பெரிய சோதனைக் குழாய்க்குள் காற்றை வேகமாக ஓடவிட்டால், ஒற்றைக் கம்பியில் நிற்கும் எங்கள் விமானம் முதலில் சாதுவாகத்தான் இருக்கும். மூக்கை நன்றாகத் தூக்கினால் போச்சு, ஒருநாள் இடப்பக்கம் திரும்பும், மறுநாள் வலப்பக்கம். இறக்கையைத் தேய்த்தோம், வாலை மாற்றினோம். அது எங்களைச் சட்டை செய்யவே இல்லை.

இதற்குள் அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். மேலே படிப்பேன் என்று அவள் அடம்பிடிக்க, அவள் அப்பா ப்ராஜெக்ட்டை வைத்தே விவசாயி பாஷையில் தீர்ப்புச் சொன்னார்.

"இந்த வெள்ளாமை வெளஞ்சா மேல படி கண்ணு. இல்லீன்னா ஊட்டுக்கு வந்துரோணும்."

பேராசிரியர்கள் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டிய நாளன்று அவள் அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். புது டிராக்டரோ, மோட்டாரோ, பொட்டு வைக்காமல் ஓட்டுகிற குடும்பமா அது? நாங்கள் தடுப்பதற்குள் அம்மா சந்தனத்தைக் குழைத்து மூக்கு நுனியில் அப்பிவிட்டார். அதுவும் ஒரு பக்கமாக!

பேராசிரியர்கள் வருமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். விமானம் இடப்பக்கம் திரும்பியது. மறுபடி ஓட்டினோம், இடம். மறுபடியும் இடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இஷ்டத்துக்குத் திரும்பியது, இன்று மட்டும் ஏன் ஒரே பக்கம் போகிறது? மூக்கை உரசிக் கிளம்பும் காற்றுச் சுழல்தான் விமானத்தைத் தள்ளுகிறது, எந்தப் பக்கம் என்பதை அந்தத் துளிச் சந்தனம் தீர்மானிக்கிறது என்றாள். துடைத்துவிடப் போகிறாள் என்று அம்மாவின் முகம் வாடிப்போனது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடைக்கலீங்கம்மா. அந்தப் பக்கமும் இதே மாதிரி ஒண்ணு வெச்சுடுங்க."

பேராசிரியர்கள் வந்ததும் இரண்டு பொட்டோடு ஓட்டினோம். மூக்கு நிமிர்ந்தது, இன்னும் நிமிர்ந்தது. இரு பக்கமும் சுழல் சமமாகத் தள்ள, விமானம் அசையாமல் நேராக நின்றது. பொட்டுகளைப் பார்த்துச் சிரித்த பேராசிரியர்கள், இன்னும் தூக்கு, இன்னும் தூக்கு என்று கிட்டே வந்துவிட்டார்கள். சந்தனம் இருந்த இடங்களில் இரண்டு சின்னப் பட்டிகளை ஒட்டினால் நிஜ விமானத்துக்கும் இது ஆகும் என்று அவள் விளக்க விளக்க, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் அப்பாவுக்குச் சுழலும் புரியவில்லை, கோணமும் புரியவில்லை. நேராக நின்றது மட்டும் நன்றாகப் புரிந்தது. விறுவிறுவென்று கல்லூரிக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டதால், மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் பேசியது தெருவுக்கே கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைக்கு இன்னும் படிப்பு பாக்கி இருக்குதுங்க."