எட்டாவது திருகு

என்னுடைய மிக்ஸரில் எட்டுத் திருகுகள் உண்டு. எட்டாவது எதையும் செய்யாது. பல வருடங்களுக்கு முன் தொட்டியத்தில் ஒரு காதுகுத்து வீட்டில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே கருகிவிட்டது. சரிசெய்யலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அதன் அருமை தெரிந்துவிட்டது.

மைக் செட் போடுகிறவனிடம் மண்டபத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வருவார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, "சத்தமே இல்லையே, ஏத்துங்க" என்பார்கள். பின்னாலேயே பெண் வீட்டார் வந்து, "காது கிழியுது, குறைங்க" என்பார்கள். இரண்டு பேருக்கும் நான் எட்டாவதைத் திருகுவேன். "இப்ப பரவால்ல" என்று இரண்டு பேரும் திருப்தியாகப் போவார்கள்.

முடியாது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. குரலும் எழும்பாது. பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்வதற்குள் வாத்தியார் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நேரில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் வராதவன் ஆனேன். எப்படியோ பத்தாவது முடித்தேன். மைக்கைச் சோதிக்க மற்ற செட்டுக்காரர்கள் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். நான் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன். முப்பது வருடத் தொழிலில் என் குரலை என் ஸ்பீக்கர் பாக்ஸில் நான் கேட்டதில்லை.

போன வருடம் சித்திரைத் தேர் முடிந்த வாரம், ஸ்ரீரங்கத்தில் என் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அரியமங்கலத்தில் வெல்டிங் ஷெட்டில் வேலை பார்க்கிறவர், கிடார் வாசிப்பார். ஒருவர் ஸ்ரீரங்கத்துக்காரர், மிருதங்கம் பயின்று டிரம்ஸுக்கு மாறியவர். மூன்றாவது ஒரு பெண். கைலாசபுரத்தில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு, பல் டாக்டரிடம் வேலை. அவர்தான் பாடுகிறவர். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் டிரம்ஸ்காரர்தான் பேசினார்.

"டெத் மெட்டல்னு ஒரு சங்கீதம், அண்ணா. நாங்க வாசிக்கிறது அதுதான். ஒரே ஒரு பாட்டு வச்சிருக்கோம். நாலு நிமிஷம் நாப்பது செகண்ட். இதுவரை மூணு எடத்துல வாசிச்சாச்சு. ரெண்டு நிமிஷத்தைத் தாண்டினதே இல்லை."

"ஏங்க?" என்றேன்.

"செட்டுக்காரர் நிறுத்திடுவார். ஒரு காலேஜ்ல மெயினையே அணைச்சுட்டா."

கிடார்காரருக்குக் கத்தார் விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் விமானம். அதற்கு முன் குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில் ஆண்டு விழா. அதில் ஒரு பாட்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்த ஒரு தடவையாவது பாட்டைக் கடைசி வரை வாசித்துவிட வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

"எங்க அக்கா கல்யாணத்துக்கு நீங்கதான் செட்டு போட்டேள்" என்றார் டிரம்ஸ்காரர். "ஆளாளுக்கு வந்து அதட்டினா. நீங்க திருகிண்டே இருந்தேள். சத்தம் மட்டும் மாறவே இல்லை. நான் பக்கத்துலயே நின்னு பாத்துண்டிருந்தேன்."

முப்பது வருடத்தில் என் திருகைக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். மறுக்க வழியில்லை. இல்லாவிட்டாலும் மறுத்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் ஷெட்டில் ஒத்திகை. கிடார் கம்பிகளை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தி வைத்திருந்தார்கள். அடித்தால் சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் தையல் மெஷின் மிதிப்பதுபோல் மிதித்தார். தாலி கட்டும்போது கெட்டி மேளம் கொட்டுவார்களே, அது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். இவர்களுக்கு முகூர்த்தம் முடிவதாக இல்லை. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். கிடாரில் வந்த கரகரப்பைத்தான் தாங்க முடியவில்லை. கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலடியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. கோளாறு அதில்தான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வயர் முனைகளைச் சுரண்டி, புதிதாகப் பற்ற வைத்து, கிடாரை நேராக மிக்ஸரில் சொருகினேன். திரும்பி வந்து கிடார்காரர் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணிபோல் சுத்தமாக வந்தது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அண்ணே, பெட்டி எங்கண்ணே?"

"கோளாறுப்பா. எடுத்துட்டேன்."

"அது கோளாறு இல்லண்ணே" என்றார் அவர், மெதுவாக. "அந்தக் கரகரப்புக்காகத்தான் அதையே வாங்கினேன். மூணு மாசம் சேத்து."

ஸ்வீடன் நாட்டில் சில பையன்கள் இப்படி ஒரு பெட்டியில் இருந்த எல்லாத் திருகுகளையும் கடைசி வரை திருப்பி வைத்து, மரம் அறுக்கும் ரம்பம்போல ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தார்களாம். மற்றவர்கள் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். நான் முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய் இதையே சுரண்டி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த தொல்லை என் வலது கை. மைக்கில் யாராவது இருமினால், செருமினால், என்னைக் கேட்காமலே அது அந்த மைக்கைக் குறைத்துவிடும். தொழில் பழக்கம். அந்தப் பெண் மைக்கை வாய்க்கு நேரே பிடித்து, வயிற்றிலிருந்து ஒரு உறுமல் எடுத்தார். கல் உரலை யாரோ நகர்த்துவதுபோல் இருந்தது. என் கை இறங்கிவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடி இறங்கியது. நாலாவது தடவை கிட்டே வந்து, வாயைக் காதருகே கொண்டுவந்து சொன்னார்.

"அங்கிள், அது இருமல் இல்ல. பாட்டோட முதல் வரி."

"தொண்டை வலிக்காதாம்மா?"

"வலிச்சா தப்பாப் பாடுறோம்னு அர்த்தம், அங்கிள்."

அன்று டீக்கடையில் இந்தச் சங்கீதத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். கேட்பதுதான் எனக்கு நன்றாக வரும்.

விழா அன்று சாயங்காலம் கூடம் நிறைந்திருந்தது. பாட்டுக்காரர்கள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பக்தி, மெல்லிசை, நாட்டுப்புறம் என்று மூன்று கட்டங்கள். அந்தப் பெண் மூன்றையும் விட்டுவிட்டு, 'காவேரிக் கரை பற்றிய பாடல்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். பொய் இல்லை. பாட்டு ஓயாமரிச் சுடுகாட்டைப் பற்றியது, அது காவேரிக் கரையில்தான் இருக்கிறது.

விழாக்குழுச் செயலாளர் கையில் கார்ட்லெஸ் மைக்குடன் மேடையேறினார். குடியிருப்பில் எல்லாரும் மதிக்கும் மனிதர். "அடுத்ததாக, நம் காவேரித் தாயைப் போற்றி ஒரு பாடல்" என்று அறிவித்துவிட்டு இறங்கினார். சில பெண்கள் சேலையைச் சரிசெய்து, தாளம் போடத் தயாராக உட்கார்ந்தார்கள். நான் என் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பாட்டு தொடங்கியது. தாளம் போட வந்த கைகள் காதுக்குப் போயின. முதல் உறுமலில் என் வலது கை துடித்தது. இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

ஒரு நிமிடத்தில் செயலாளர் வந்துவிட்டார்.

"மைக் செட்டு, குறைங்க."

இடது கையால் எட்டாவதைத் திருகினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ம், இப்ப பரவால்ல" என்று போனார்.

இரண்டு நிமிடம் தாண்டியதும் பாட்டு திடீரென்று நின்று, யானை நடப்பதுபோல் மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது. இந்த இடத்தை அவர்கள் இதற்கு முன் மேடையில் தொட்டதே இல்லை. கிடார்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். செயலாளர் மறுபடி வந்தார். மறுபடி திருகினேன். இந்தத் தடவை அவர் பாதிதான் திருப்தியானார்.

மூன்று நிமிடம் ஆனபோது மறுபடி வேகம் பிடித்தார்கள். முன்னைவிட அதிகம். செயலாளர் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"நிறுத்துங்க. உடனே நிறுத்துங்க."

குறை, ஏற்று என்பவர்களுக்கு எட்டாவது போதும். நிறுத்து என்பவருக்குத் தர என்னிடம் திருகு இல்லை. மேடையில் கிடார்காரர் கண்ணை மூடிவிட்டார். அவருக்கு இதுதான் கடைசி மேடை. நான் வாயைத் திறந்தேன்.

"முடியாதுங்க" என்றேன்.

"என்ன?"

"இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்குதுங்க."

"என்ன சொல்றீங்க? கேக்கல."

கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் எது சொன்னாலும் இவருக்குக் கேட்கப்போவதில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு தைரியம் எனக்கு வந்ததில்லை. பேச ஆரம்பித்தேன்.

"இது எண்பதுகள்ல வந்த சங்கீதம், சார். அமெரிக்காவுல ஃப்ளோரிடான்னு ஒரு பக்கம். நம்ம ஊரு மாதிரியே வெக்கை, புழுக்கம், கொசு. அங்க பசங்க வீட்டு ஷெட்டுல வாசிச்சு, கேசட்டுல பதிஞ்சு, தபால்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடியே வேகமா வாசிக்கிற மெட்டல் இருந்துச்சு. இவங்க அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் கீழ இறக்கிட்டாங்க."

அவர் குனிந்து காதைக் காட்டினார். கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்த கை என் மோவாய்க்குக் கீழே வந்தது.

"என்ன? சத்தமா சொல்லுங்க."

"குரலைச் சுருதிக்குப் பாடுறதில்ல, சார். அதையும் ஒரு தோல் வாத்தியம் மாதிரி வச்சுக்கிட்டாங்க. சாவு, பொணம், பேயின்னு பாடுறாங்க. பயப்படாதீங்க. இந்தப் பொண்ணு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குது. குழந்தைங்க அழாம பாத்துக்குமாம்."

அவர் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மனைவியிடம்கூட ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துவிட்டேன். இந்த வகைப் பாட்டு இழுத்துக் கொஞ்சி முடியாது, கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும் என்று அவர்கள் ஒத்திகையிலேயே சொல்லியிருந்தார்கள். அதையும் மறந்துவிட்டேன்.

வெட்டியதுபோல் நின்றது.

"பாவம், முடிக்க விடுங்க சார். ஒரு தடவையாவது."

கூடத்தின் நாலு மூலையிலும் என் பாக்ஸ்கள் அதைச் சொல்லின. சும்மா கிடக்கிற மைக்கை என் வலது கைதான் மூடி வைக்கும். அன்று அது எனக்கு அடியில் கிடந்தது. செயலாளர் கையில் இருந்த மைக் முழுக்கத் திறந்திருந்தது.

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் நான் நினைத்ததைவிடக் கீச்சென்று இருந்தது.

செயலாளர் நிமிர்ந்தார். மேடையைப் பார்த்தார். அங்கே மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு, முடிந்துவிட்டதை நம்பாமல் நின்றிருந்தார்கள்.

"முடிச்சுட்டாங்கல்ல?" என்றார் அவர் என்னிடம்.

"முடிச்சுட்டாங்க சார்."

"அப்ப சரி" என்று மேடைக்குப் போய், காவேரித் தாய்க்கு நன்றி சொல்லி, அடுத்து மேஜிக் ஷோ என்றார்.

வயர் சுற்றும்போது ஒரு பெரியவர் வந்தார். தொழிற்சாலையில் சம்மட்டிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவராம், காது மந்தம். "ரொம்ப வருஷத்துக்கு அப்பறம் ஒரு பாட்டு எனக்கு முழுசா கேட்டுச்சு" என்றார். "நடுவுல நீங்களும் கூடப் பாடுனீங்களா?"

கிடார்காரர் வந்து மறுமுனையைப் பிடித்து என்னோடு வயர் சுற்றினார். அந்தப் பெண் கிட்டே வந்து என்னவோ சொன்னார். இரண்டு காதிலும் ரீங்காரம், கேட்கவில்லை. நானும் என்னவோ சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்காது. இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டிக்கொண்டோம்.

வீட்டில் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றார். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது."