பெண் பார்க்க வந்தவர் பாடிய ஏரோப்ளேன் பாட்டு

பெண் பார்க்க வந்தால் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். எங்கள் சித்தி அதற்கு மசியவில்லை. தனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஆசையிருந்தால் வந்தவரே பாடட்டும் என்று சமையலறையிலிருந்து சொல்லிவிட்டாள்.

பங்களாதேஷ் சண்டை முடிந்த மறு வருஷம் அது. வந்தவர் செய்யூர்ப் பக்கத்துக்காரர், விமானப்படையில் மெக்கானிக். என் மாமாவுக்கும் அங்கேதான் வேலை. பழைய மெட்டுகளில் கேலிப் பாட்டுக் கட்டுவதில் தங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது என்று லீவில் வரும்போதெல்லாம் மாமா அளப்பார். தாலாட்டு மெட்டில் மெஸ் சப்பாத்தி, நலங்கு மெட்டில் பரேடு. அந்த ஏரோப்ளேன் பாட்டைப் பாடு என்று அவர்தான் தூண்டிவிட்டார். வந்தவர் தயங்கிவிட்டுப் பாடினார்.

"எண்ணெ குடிச்ச எந்திரமே, எங்க போயி தூங்குற?
கேண்டீன் டீய நெனச்சாச்சும் கீழ எறங்கக் கூடாதா?"

பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண்கள் பக்கம் மட்டும் சத்தமே இல்லை. அது அச்சு அசல் ஒப்பாரி மெட்டு. இழவு வீட்டைத் தவிர வேறெங்கும் அதை வாயில் எடுக்கக்கூடாது. விளையாட்டுக்கு முணுமுணுத்தால்கூட எங்களுக்கு அடி விழும். பல ஊர்க்காரர்களோடு கோரஸாகப் பாடிப் பாடி, பாவம், மனுஷருக்கு அது மறந்தே போயிருந்தது.

வெறும் வாயை மெல்லும் என் பெரியம்மாவுக்கு அவல் கிடைத்தது. "பொண்ணு பாக்க வந்த வூட்ல ஒப்பாரி வெக்கிறாரே, இன்னா மனுசன் இவரு?" என்றாள், கூடத்துக்குக் கேட்கும்படியாகவே. அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது என்று எனக்கே புரிந்தது. வந்தவரும் காது சிவக்க எழுந்துவிட்டார்.

அப்போதுதான் சித்தி வாசற்படிக்கு வந்து நின்று, அவரையே நேராகக் கேட்டாள்.

"அந்த பிளேன் திரும்பி வந்துச்சா?"

"இல்லீங்க" என்றார். "நாந்தான் செக் பண்ணி அனுப்பினேன்."

அவர்கள் போனபிறகு அம்மாவும் பெரியம்மாவும் சகுனத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று சித்தி ஒரே பிடியாக நின்றாள். ஒப்பாரி பாடினவனையா என்று அம்மா கேட்டாள்.

"அவரு பாடலக்கா. அழுதாரு" என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டு முடியும்வரை நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்யாண ஆசையில் சித்தி இப்படியா புளுகுவாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.