சரோஜாவின் குழம்புக் கரண்டி

என் மனைவியின் குழம்புக் கரண்டியைத் திருடியவன் நான்தான். பழி விழுந்தது என் தங்கையின் தலையில். நான் வாயைத் திறக்கவில்லை... இன்றுவரை!

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நல்லம்பள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தேன். ஓர் ஆடியில், மழை இறங்கிய மறுநாள், தங்கை செல்வியின் கணவர் டிராக்டர் கலப்பையின் உடைந்த காலைக் கொண்டுவந்தார். ஒட்டினேன், இரண்டு சால் ஓட்டுவதற்குள் விரிசல் விட்டது. மறுபடி ஒட்டினேன், மறுபடி விரிந்தது! அந்த இரும்பு கடினமானது, என்னிடம் இருந்ததோ சாதா வெல்டிங் ராடு. டீக்கடையில் சிரித்தார்கள். மானம் போயிற்று.

அப்போதுதான் ராடு விற்க வருபவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வெல்டில் கொஞ்சம் நிக்கலும் குரோமியமும் சேர்ந்தால் விரிசல் விடாதாம். குழம்புக்கு உப்புப் போல, கொஞ்சம்தான்.

நிக்கலுக்கு நான் எங்கே போவேன்? அன்று மதியம் செல்வியும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள். மனைவி சரோஜா குழம்பு ஊற்றினாள்... சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் கரண்டியால்! கழுவி வைத்ததும் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. நிக்கல் கலந்த அசல் சரக்கு!

காம்பையும் குழியையும் கீற்றுக் கீற்றாக வெட்டி, விரிசலில் அடுக்கி, ராடோடு சேர்த்து உருக்கினேன். காம்பில் பொறித்திருந்த 'சரோஜா'வும் கூடவே உருகிப் போனாள்.

வெல்டு நின்றது. கல்லாங்காட்டை உழுதும் அசையவில்லை. எல்லாம் என் கைராசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வீட்டிலோ வெடித்தது.

"செல்வி வந்துட்டுப் போனதுலருந்துதாங்க கரண்டியக் காணோம். எங்காத்தா குடுத்ததுங்க!"

சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்! செல்வி மகளின் காதுகுத்துக்குக்கூடச் சரோஜா வரவில்லை. தாய்மாமன் என் மடியில் குழந்தை. பக்கத்தில் அத்தை இல்லை. செல்வி குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அண்ணா, நீயாச்சும் அண்ணிகிட்ட சொல்லேன். நா எடுக்கலண்ணா."

"அட, வுடும்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்! குழந்தையின் அழுகையில் அவள் கண் கலங்கியதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கைராசிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்று பேசாமல் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போதும் செல்வி வீட்டுக் கொட்டகையில் அந்தக் கலப்பை நிற்கிறது. எங்கும் துரு; என் வெல்டு மட்டும் பளபளக்கிறது. போகும்போதெல்லாம் கேட்கிறாள்: "அப்படி என்னண்ணா போட்ட இதுல?"

சரோஜாவோ இன்றும் அடித்துச் சொல்கிறாள்: "என் கரண்டி உங்க தங்கச்சி வூட்லதாங்க இருக்குது!"

இல்லையென்று நான் எப்படிச் சொல்வேன்... அங்கேதானே இருக்கிறது!