இடது பக்க ஃபில்டரும் ஸபீனாவும்

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் ஊழியர் பட்டியலில் ஸபீனாவின் பெயருக்கு நேரே 'அறை துப்புரவு' என்று எழுதியிருக்கிறது. எட்டு வருடமாக அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதே எட்டு வருடமாக அங்குள்ள இருபத்திரண்டு அறைகளிலும் ஏசி மெஷினைத் திறந்து, கழுவி, பூட்டி, ஓடவைப்பது அவள்தான். பட்டியலை எழுதும் முகாமையாளருக்கு இது தெரியாமல் இல்லை. அவருடைய அறை சூடாகும்போது அவர் பட்டியலைப் பார்ப்பதில்லை, ஸபீனாவைத்தான் கூப்பிடுகிறார்.

மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது ஆறு வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்து, ஆலங்குடா அகதி முகாமில் வளர்ந்தவள். யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் பாயக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அவர்கள் படுக்க ஹோட்டல் வந்தது. ஹோட்டலைக் கழுவ ஸபீனா போனாள்.

அந்த முதல் வருடத்தில் ஒரு ஜெர்மன்காரர், அறை அடுப்பு மாதிரி இருக்கிறது என்று மூன்று நாள் சத்தம் போட்டார். சிலாபத்து ஏசி பாஸ் மூன்று நாளும் 'நாளைக்கு' என்றார். நம்மூரில் கைத்தொழில்காரர் எல்லாருக்கும் பாஸ் என்றுதான் பெயர், மேசன் பாஸ், தச்சு பாஸ் போல ஏசி பாஸும் நாளைக்கு வருபவர். நான்காம் நாள் ஸபீனா கட்டிலின் மேல் ஒரு கதிரையைப் போட்டு ஏறி, மெஷினின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பூனை படுத்த மாதிரித் தூசி. கழற்றி, உடுப்புச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவைத்துப் பூட்டினாள். ஜெர்மன்காரர் அன்று போர்வை கேட்டார்.

அதன் பிறகு அவள் சொல்லித்திரிவது ஒன்றுதான்: "என்ட கைக்கி எட்டாத ஃபில்டர் இன்னம் பொறக்கல்ல."

பொறந்தது. பக்கத்து ஊரான எத்தாளையில், இஸ்ஸதீன் நானாவின் படகுக் கொட்டிலில்.

இஸ்ஸதீன் ஃபைபர் படகு செய்கிறவர். தன் படகில் தண்ணீர் வந்ததாக யாராவது சொன்னால், "அப்ப நீ உச்சமுனைத் தீவுக்கி நடந்தா போன?" என்று கேட்பார். அவருக்கு அறுபது வயது நெருங்கும்போது ஒரு யோசனை வந்தது. பழைய பஸ் ஒன்றை எடுத்து ஆசனங்களைக் கழற்றி, கட்டில், அடுப்பு, அலுமாரி, கழிப்பறை எல்லாம் ஃபைபரிலேயே வார்த்து, கூரையில் ஒரு ஏசியும் பூட்டினார். வெள்ளைக்காரன் இதை மோட்டார்ஹோம் என்பான், இஸ்ஸதீன் கேரவன் என்றார், எத்தாளை 'வீட்டு பஸ்' என்றது.

கொழும்பிலுள்ள ஒரு சுற்றுலாக் கம்பனி அதைத் தன் வாகனங்களோடு சேர்த்துக்கொள்ள யோசித்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மிஸ் வந்து பார்ப்பதாகச் சொல்லி, நிரப்பச் சொல்லிப் படிவமும் அனுப்பியது. படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'இயந்திரங்களுக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கோடு. அதன் கீழே 'தொழில்' என்று இன்னொரு கோடு.

அந்தக் கோட்டுக்காக வந்த சிலாபத்து பாஸ் வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குள் ஏறினார். ஏசி குளிரவில்லை, தலையணைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார், கூரையை முழுக்க வெட்டவேண்டும் என்றார், தேநீர் குடித்தார், போய்விட்டார்.

இஸ்ஸதீனின் மனைவி நபீலா அன்று மாலையே ஸபீனாவைத் தேடி வந்தாள். ஸபீனா முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"நாளைக்கி எனக்கு லீவு நாள், வாறன் மதினி. மெஷின் ஓடினா அந்தப் படிவத்துல என்ட பேர எழுதணும். ஹோட்டல் பட்டியல்ல நான் சாகுமட்டும் துப்புரவுதான். ஒரு கடதாசிலயாவது செய்யிற வேல எழுதி இரிக்கட்டும்."

நபீலா இதைச் சொன்னபோது இஸ்ஸதீன் சிரித்தார். "பொம்புளட பேரா? செரி, எழுதுவம்." சிலாபத்து பாஸால் ஏலாதது இவளால் ஏலுமா என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு.

சனி காலை எட்டு மணிக்கு ஸபீனா ஒரு ஸ்டூலும் ஒரு பையுமாக வந்திறங்கினாள். கட்டிலில் ஏறி நின்று கூரையைத் தட்டினாள்.

"நானா, இது என்ன இவ்வளவு தடிப்பு?"

"தண்ணி ஒழுகிச்சி. ஒழுகின எடத்துல ஒரு பூச்சுப் போட்டன். பொறகும் ஒழுகிச்சி, இன்னொண்டு போட்டன்."

"அப்பறம்?"

"மூணாவதும் போட்டன். அப்பவும் ஒழுகுது. இப்பிடி ஒரு ஒழுக்க நான் கடல்லயும் காணல்ல."

ஸபீனா கீழே இறங்கி அவரைப் பார்த்தாள். "எத்தாளையில மழ பெய்ஞ்சி எத்தன நாளு நானா?"

இஸ்ஸதீன் யோசித்தார். "ரெண்டு மாசம் இரிக்கும்."

"அப்ப ஒழுகுற தண்ணி எங்க இரிந்து வருது?"

படகுக்காரனுக்கு உள்ளே தண்ணீர் என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் அதை அடைக்க ரெசின் பசை. நாற்பது வருடமாக அவர் கை அதைத்தான் செய்கிறது. கூரையில் ஓட்டையே இல்லை. ஃபில்டர் அடைத்துக் காற்றுப் போகாமல், மெஷினுக்குள் ஐஸ் கட்டி, அந்த ஐஸ் உருகிச் சொட்டியிருக்கிறது. அவரோ ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பூச்சுப் போட்டு, ஃபில்டரை வெளியே இழுக்கிற வழியையே அடைத்துவிட்டார்.

மெஷினுக்கு இரண்டு ஃபில்டர்கள். வலது பக்கத்தில் அவர் மின்விளக்குக்காக ஒரு துவாரம் விட்டிருந்தார், அதனால் அது பத்து நிமிடத்தில் வெளியே வந்தது. வெள்ளைத் தூள் ஒட்டி, கம்பளி மாதிரி இருந்தது.

"இது மண் தூசி இல்லையே. ஃபைபர் தூளு. படகு தேய்க்கிற நேரம் இதுக்குள்ள ஏசி ஓடினதா?"

இஸ்ஸதீன் கடலைப் பார்த்தார். நபீலா அவரைப் பார்த்தாள்.

"சொல்லுங்களே. ஒவ்வொரு நாளும் பகல் சோத்துக்குப் பொறகு இந்தக் கட்டில்லதான் நித்திர. வெளிய பொடியனுகள் தேய்ப்பானுகள், இவரு உள்ள குளிர்ல குறட்ட."

"கட்டில் சரியா எண்டு சோதிச்சிப் பாத்தன்," என்றார் இஸ்ஸதீன்.

"மூணு மாசமா?" என்றாள் நபீலா.

இடது பக்க ஃபில்டர் கட்டிலுக்கு மேலே இருந்த அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அலுமாரி சுவரோடு சேர்த்து வார்க்கப்பட்டது, அசையாது. அதன் உட்கூரைக்கும் மெஷினுக்கும் நடுவே நாலு விரல் அகலத்தில் ஓர் இடைவெளி மட்டும் மிஞ்சியிருந்தது. ஸபீனா காப்புகளைக் கழற்றி நபீலாவிடம் கொடுத்தாள், முழங்கைவரை தேங்காயெண்ணெய் பூசினாள், தலையை அலுமாரிக்குள் விட்டுக் கையை அந்த இடைவெளிக்குள் அனுப்பினாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்.

"எட்டுதா?" என்றாள் நபீலா.

"எட்டாம என்ன? சட்டத்தப் புடிச்சிட்டன். வளைச்சா வரும். பிஸ்மில்லாஹ்."

டக் என்று ஒரு சத்தம்.

"ஸபீனா, அது வந்த சத்தமா, ஒடஞ்ச சத்தமா?"

அலுமாரிக்குள்ளிருந்து பதில் வந்தது: "ரெண்டும்."

கையில் பாதி ஃபில்டரோடு அவள் வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூள். மற்றப் பாதி உள்ளே. மணி பத்து. ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தூள் எல்லாம் நேரே மெஷினின் வயிற்றுக்குள் போகும். பாதியை உள்ளே விட்டு ஓட்டினால் காற்றாடியில் சிக்கும். இரண்டில் எது நடந்தாலும் படிவத்தில் அவள் பெயர் இல்லை.

"எட்டாத ஃபில்டர் பொறக்கல்ல எண்டு சொன்ன ஆள் நீதானே?" என்றார் இஸ்ஸதீன், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"எட்டினதுதானே நானா. வாறதுக்குத்தான் நீங்க வழி வெக்கல்ல. நான் அவசரப்பட்டு இழுத்தது பிழ, அது என்ட கணக்கு. இப்ப அலுமாரிட உட்கூரைய வெட்டுவம்."

"என்ட கையால வார்த்தத வெட்டவா? மாட்டன்."

"உச்சமுனைக்கிப் போற படகுல நடுவுல ஒரு மூடி வெக்கிறீங்களே, அது எதுக்கு?"

"மீன எடுக்க."

"இது ஃபில்டர எடுக்க."

இஸ்ஸதீன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அந்த மனிதரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு வேலையைப் படகு வேலை என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதை வேறொருவர் சொன்னார் என்பதை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார்.

அவர் கிரைண்டரைத் தூக்கியதும் ஸபீனா தடுத்தாள். மறுபடியும் தூளா? ஈர லுங்கிச் சாரம் ஒன்றை மெஷினுக்குக் குறுக்கே கட்டினாள். இரும்பறுக்கும் வாள் அலகால் கையாலேயே அறுக்கச் சொன்னாள். அவர் அறுக்க, அவள் போத்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றாள். சேறாக வழிந்தது, பறக்கவில்லை. "மெதுவா", "கோணுது", "அங்கால போங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, நாற்பது வருடப் படகுக்காரர் ஓம் ஓம் என்று அறுத்தார். நபீலா இந்தக் காட்சியைப் பார்க்கவென்றே சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு வந்து, அதைக் கரியவும் விட்டாள்.

பன்னிரண்டரைக்கு உட்கூரையில் ஒரு சதுரத் துவாரம். மற்றப் பாதி முழுசாக வெளியே வந்தது. இஸ்ஸதீன் இரண்டு பாதிச் சட்டத்தையும் ரெசின் வைத்து ஒட்டி வெயிலில் போட்டார். துவாரத்துக்குப் படகு மூடி மாதிரியே விளிம்பு எடுத்து ஒரு மூடியும் செய்தார். கிழிந்த வலைக்குப் பதிலாக ஸபீனா தன் பையிலிருந்து ஹோட்டலில் கழித்துவிட்ட ஒரு பழைய ஃபில்டரை எடுத்து, கத்தரித்து, அந்தச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாள். பழையது கறுப்பு, இது நீலம்.

எல்லாம் பூட்டும்போது மணி இரண்டரை. இஸ்ஸதீன் குளிர் பொத்தானை அழுத்தப் போனார்.

"தொடாதீங்க! உள்ள ஐஸ் உருகின தண்ணி இன்னம் காயல்ல. காத்தாடி மட்டும் ஓடட்டும், முக்கா மணித்தியாலம்."

"மூணு மணிக்கி ஆள் வருதே!"

"வரட்டும். தண்ணிக்கி ஆள் தெரியா."

ஆள் மூன்று மணிக்கு வரவில்லை, இரண்டே முக்காலுக்கு வந்தது. கொழும்பு மிஸ் கண்ணாடியும் கோப்புமாக பஸ்ஸுக்குள் ஏறினார். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார், வியர்த்தார். ஏன் குளிரைப் போடவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். இஸ்ஸதீனின் விரல் மறுபடி பொத்தானை நோக்கிப் போக, ஸபீனா தன் கையால் அதை மூடிக்கொண்டாள்.

"இன்னும் அரை மணித்தியாலம், மிஸ்," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

மிஸ் அவளைப் பார்த்தார். தலையில் தூள், கையில் எண்ணெய், முந்தானையில் ரெசின். "இது யார்?"

ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னால் கம்பனி திரும்பிப் போய்விடும் என்று அந்தக் கணத்தில் இஸ்ஸதீனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். "சிலாபத்து பாஸின் ஆள், மிஸ். உதவிக்கு வந்தது."

ஸபீனா குரலை உயர்த்தவில்லை.

"இல்லை மிஸ். சிலாபத்து பாஸ் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்று இந்த ஃபில்டரை உடைத்தது நான். திருத்தியதும் நான். நீல வலை ஹோட்டல் அறை மெஷினுடையது, ஒரு மாதத்துக்குத் தாங்கும். அதற்குள் சரியானதை எடுக்கவேண்டும். அரை மணித்தியாலம் பொறுத்தால் குளிரும். பொறுக்காமல் போட்டால் உங்கள் தலையில் சொட்டும்."

மிஸ் அண்ணாந்து பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அலுமாரியைத் திறந்து மூடியைக் கண்டார். தூக்கினார். ஒரு கையால் நீல ஃபில்டர் வெளியே வந்தது, மறு கையால் உள்ளே போனது. இன்னொரு தரம் எடுத்தார், இன்னொரு தரம் வைத்தார். கம்பனியின் மற்ற வாகனங்களில் இதை எடுக்கப் பாதிக் கூரையைக் கழற்றவேண்டியிருக்கிறது, பயணிகள் திட்டுகிறார்கள், இந்த மூடி யாருடைய யோசனை என்று கேட்டார்.

"படகு வேலதானே, மிஸ்..." என்று இஸ்ஸதீன் நெஞ்சை நிமிர்த்தித் தொடங்கினார். நபீலா அவருடைய காலை மிதித்தாள். ஒருமுறை அல்ல. "...யோசனை இவடதான்," என்று முடித்தார்.

மூன்றேகாலுக்கு ஸபீனா பொத்தானை அழுத்தினாள். முதலில் வெறும் காற்று. பிறகு ஈரக் காற்று. நாலைந்து நிமிடத்தில் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதில் பனி படிந்திருந்தது. தலையணைமேல் ஒரு சொட்டும் விழவில்லை. நபீலா தலையணையை இரண்டு தரம் தடவிப் பார்த்துச் சொன்னது இது.

மிஸ் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "சான்றிதழ் இருக்கிறதா?"

"இல்லை மிஸ். எட்டு வருடம், இருபத்திரண்டு அறை. தொலைபேசி எண் தருகிறேன், கேட்டுப் பாருங்கள்."

மிஸ் படிவத்தை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். இந்த நாட்டில் பாட்டனின் பிறந்த ஊரைக்கூடக் கேட்கிற படிவங்கள் உண்டு. ஆனால் இந்தப் படிவம் சான்றிதழைக் கேட்கவில்லை. கேட்காததைத் தான் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மிஸ்ஸுக்குப் பட்டிருக்கவேண்டும். பேனாவை நீட்டினார்.

ஸபீனா கையை அந்த ஈரச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, பெயரைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதினாள். அடுத்த கோட்டில் நின்றாள்.

"நானா, தொழில் எண்டு கேட்டிரிக்கி. ஏசி பாஸ் எண்டு எழுதட்டா?"

"பொம்புளய எங்கயாவது பாஸ் எண்டு எழுதுவாங்களா?" என்றார் இஸ்ஸதீன். பஸ்ஸின் வாசற்படியில் நின்று, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்திருந்தார்.

"காலம இரிந்து அவ வெட்டச் சொன்னா வெட்டுறீங்க, நிறுத்தச் சொன்னா நிறுத்துறீங்க," என்றாள் நபீலா. "அப்ப அவ பாஸ் இல்லாம, நீங்களா பாஸ்? எழுது ஸபீனா."

ஸபீனா எழுதினாள். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி எழுதினாள். எழுதும்போதே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"நானா, உள்ள வாங்க, இல்லாட்டி வெளிய போங்க. கதவச் சாத்துங்க. குளிர் போகுது."

இஸ்ஸதீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.