அத்தை போட்ட காங்கிரீட்

பிரகாசியம்மாள் செத்துப்போனாள் என்று மாமன் மகன் மெல்வின் போனில் சொன்னபோது, வெள்ளக்கடை கிராமத்து வீட்டில் ஸ்டெஃபி அடுப்பில் பால் வைத்திருந்தாள். சரி என்றாள். பால் பொங்கட்டும் என்று நின்று, காப்பி கலந்து, முழுசாகக் குடித்து முடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள். செத்தது அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. வழியெல்லாம் அவள் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கிழவியை அருளப்பன் கல்லுக்கு அடியில் போக விடக் கூடாது.

அருளப்பன் என்றால் ஏற்காட்டில் தெரியாதவர்கள் கிடையாது. பிரகாசியம்மாள் தெரியாமல் இருக்க விட்டால்தானே! வெள்ளைக்காரத் துரையோடு சேலத்திலிருந்து நடந்தே மலையேறிக் காடு வெட்டியவர், காப்பி நட்டவர், கோயில் கட்ட மரம் கொடுத்தவர். அவளுக்குப் பூட்டன். கல்லறைத் தோட்டத்தில் கேட்டுக்கு நேர் எதிரே முதல் கல் அவருடையது. கோயிலில் முதல் பெஞ்சு அவளுடையது. விவரம் தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் ஒரு வார்த்தை பேச மாட்டாள். பக்கத்தில் வந்து நின்று, அவர்கள் எழுந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள். பூசை வைக்கிற ஃபாதருக்கே வாய் குழறும்.

ஒரு வருஷம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தன் தோட்டத்துக்குள் நடக்கக் கூடாதென்று பாதையில் முள்ளை வெட்டிப் போட்டாள். தலைமுறை தலைமுறையாக மலையில் சாமை விதைக்கிற குடும்பத்து வெங்கடாசலம் வந்தார். முள்ளைக் காலால் தள்ளினார். "ஏனுங்கம்மா, உங்க பூட்டனுக்கு மேல வர்ற வழியக் காட்டுனது யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவள் சோறு இறங்காமல் கிடந்ததை வேலைக்காரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்கிறீர்களா? எப்படி ஆகும்? பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை வாயில் வைப்பதற்குள், உங்களுடையது எந்தக் காலத்துக் குடும்பம் என்று பெண்ணே கேட்டால் எவன் உட்கார்ந்திருப்பான்? திருச்சியிலிருந்து வந்த மாப்பிள்ளை பாதிக் காப்பியோடு எழுந்து போனார். அதோடு சரி. அப்பா செத்த பிறகு மஃப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு அவளே எஸ்டேட்டைப் பார்த்தாள். மழையோ பனியோ, கணக்கெழுதுகிற ரைட்டர் வருவதற்கு முன்னால் களத்தில் நிற்பாள். ஆட்களின் கூலியில் ஒருநாளும் கை வைத்ததில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சொல்லியாகிவிட்டது.

அவள் தம்பி ஆரோக்கியதாஸ் கட்டிக்கொண்டது தெரசம்மாளை. கிளியூரிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வந்தவள். அவளைப் பிரகாசியம்மாள் கடைசி வரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒறம்பரை என்பாள். வீட்டுக்கு வரும் விருந்தாளியை வாயாரச் சொல்கிற சொல். அவள் வாயில் அது வசவு. தெரசம்மாள் எதிரிலேயே நிற்பாள், இவள் வேலைக்காரியைக் கூப்பிட்டு, ஒறம்பரைக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பாள். தனித் தட்டு, தனி டம்ளர். தெரசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள். ஸ்டெஃபி அந்தத் தட்டில் பங்கு கேட்டு அம்மா மடியில் உட்காருவாள்.

ஸ்டெஃபி ஏழாவது படிக்கும்போது தெரசம்மாள் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அருளப்பன் குழியைத் திறக்க ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். பழைய குழியைத் திறந்து, எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டித் தலைமாட்டில் ஒதுக்கி, புதுப் பெட்டியை இறக்குவார்கள். பிரகாசியம்மாள் குடையோடு வந்து அந்தக் கல் மேலேயே உட்கார்ந்தாள்.

"இது காடு வெட்டுனவங்க எடம். ஒறம்பரைய ஒறம்பரை எடத்துல வைங்க."

ஆரோக்கியதாஸ் வாயைத் திறக்கவில்லை. ஸ்டெஃபி அத்தையை மன்னிக்கவில்லை, அப்பாவையும்தான். தெரசம்மாளைக் கீழ்க்கோடியில், மழைத்தண்ணீர் வந்து தேங்குகிற மதிலோரமாக அடக்கினார்கள். அந்த வெட்கத்திலேயே மலையை விட்டு இறங்கிய ஆரோக்கியதாஸ், குடகில் ஏதோ எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து அங்கேயே செத்து, அங்கேயே அடங்கினார். ஸ்டெஃபியை வளர்த்தது கிளியூர் மாமன் வீடு. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு, மேல்பக்கக் கல்லறைகளில் எல்லோரும் சுண்ணாம்பு அடித்துச் செவ்வந்திப் பூப் போடுவார்கள். ஸ்டெஃபி மட்டும் முதலில் மண் சுமப்பாள். மழையில் உள்வாங்கிப்போன மேட்டை நிரப்பினால்தானே சுண்ணாம்பு அடிப்பதற்கு?

அதோடு விட்டாளா அத்தை? தனக்குத் தெரியாமல் தெரசம்மாளின் எலும்பை யாராவது மேலே கொண்டுவந்து வைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். வேலுசாமி கொத்தனாரைக் கூப்பிட்டு, கம்பி கட்டி, பூட்டன் கல்லையும் சேர்த்துக் குழி முழுக்கக் காங்கிரீட் போட வைத்தாள். அதன் மேல் தன் பெயரையும் பிறந்த தேதியையும் செதுக்கி, இறந்த தேதிக்கு இடம் விட்டாள். நாளைக்கு உங்களை எப்படிங்கம்மா உள்ளே வைப்பது என்று வேலுசாமி கேட்டாராம். "எனக்குன்னா ஊரே கடப்பாரையோட வரும்" என்றாளாம்.

வந்தது ஊர் அல்ல, அதே வேலுசாமி. தலை நரைத்து, மகனைக் கூட்டிக்கொண்டு கல்லறைப் பக்கம் நின்றார். ஸ்டெஃபி போய்ச் சேர்ந்தபோது ஃபாதரும் மெல்வினும் அங்கேயே இருந்தார்கள். பெட்டி கோயிலுக்குள் இருந்தது. கூட ஜெபமாலை சொல்ல நான்கு கிழவிகள்.

வேலுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் போட்டதுதானுங்க. அருளப்பய்யா கல்லு தூள் தூளாப் போனாத்தான் இது தொறக்குமுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்."

ரத்த உறவு என்று மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை!

"ஒடைக்க வேண்டாமுங்க. அவிங்களா அடைச்சது. அடைச்சபடியே கெடக்கட்டும்."

ஃபாதர் பெருமூச்சு விட்டார். கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழிக்கு இடமில்லை என்று கோயில் பங்குச் சபையில் முடிவாகி வருஷக்கணக்காகிறது. அப்படியென்றால் சேலத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். மெல்வின் வேன் பிடிக்கப் போனான். ஸ்டெஃபிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. சமவெளியில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை என்று பீற்றிக்கொண்ட மகராசி, இனி சேலத்து வெயிலில் கிடக்கட்டும்.

கோயிலுக்குள் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முதல் பெஞ்சு காலியாக இருந்தது. பழக்க தோஷம், இன்றைக்கும் ஒருவரும் அதில் உட்காரவில்லை. ஸ்டெஃபி போய் உட்கார்ந்தாள். தாடையைக் கட்டியும் அத்தையின் முகம் யாரையோ எழுந்து போகச் சொல்கிற மாதிரியே இருந்தது. வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் ஸ்டெஃபிக்கு உறைத்தது. சேலத்துக்குப் போனால் இவள் தப்பித்துவிடுவாள். அங்கே இவளைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. போகிற இடத்திலும் முதல் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் படுத்திருப்பாள். விடலாமா?

வெளியே வந்து வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். "எங்கம்மா குழி இருக்குதுங்க ஃபாதர். அதத் தொறங்க."

மெல்வின் அவள் கையைப் பிடித்தான். அத்தனை பாடு படுத்தினவளைக் கொண்டுபோய் அம்மாவிடமா வைப்பது என்று கேட்டான். "அங்கதான் வைக்கோணும்" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். இதில் அன்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. யாரும் அப்படி நினைத்துவிட வேண்டாம்.

மதிலோரமாக வெட்டினார்கள். ஈர மண், சீக்கிரம் வந்தது. வேலுசாமி உள்ளே இறங்கி ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். அம்மா அவ்வளவுதான் இருந்தாள். ஒரு குழந்தையைச் சுற்றுகிற அளவுத் துணி போதுமாயிருந்தது. ஸ்டெஃபி அந்த மூட்டையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கேட்டுக்கு வெளியே நின்றவர்கள், பரவாயில்லை, அத்தை மேல் பாசம் இருந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

மேலே, கேட்டுக்கு எதிரே, இறந்த தேதிக்கு விட்ட இடம் காலியாகவே கிடந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். மூட்டையைத் தலைமாட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். பிறகு கயிற்றில் பெட்டி இறங்கியது. ஸ்டெஃபி ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"கொஞ்சந் தள்ளிப் படுத்துக்கம்மா" என்றாள். "ஒறம்பரை வந்திருக்குது."